அளவுக்கு ஓர் ஆள்

எங்கள் வீட்டுப் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்பாவைக் கொண்டுபோன அன்றுகூட நான் வாசற் படலையோடு நின்றுவிட்டேன். ஆனால் கல்யாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்த பிறகு எத்தனை பேருடைய கல்லறைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. கும்பிட நின்றதில்லை, அழவும் நின்றதில்லை. அளவுக்கு நின்றேன்.

என் கணவருக்குப் படம் எடுப்பதில் பைத்தியம். ரயில் பாதையில் சிக்னல் பராமரிக்கிற வேலை. அது முடிந்தால் மிச்ச நேரமெல்லாம் கமரா. தொடக்கத்தில் எங்கள் ஆட்களின் கல்யாணவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாப்பிள்ளை தலையைத் திருப்பினால் ஏச்சு, பிள்ளை சிரிக்காவிட்டால் ஏச்சு. ஒரு கல்யாணத்தில், நூறு பேருக்கு முன்னால், "ஐயா, அங்காலை தள்ளுங்கோ, உங்கடை வண்டி வயிறு மறைக்குது" என்று மணவறையில் இருந்த ஐயருக்கே சொல்லிவிட்டார். அதோடு கூப்பிடுவது நின்றது. நான் வெட்கத்தில் அந்த வருடம் முழுக்க ஒரு கொண்டாட்டத்துக்கும் போகவில்லை. அவருக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

"மனிசர் அசைவினம். கல்லு அசையாது," என்றார்.

அதன் பிறகு கல்தான். முதலில் ஒஸ்லோ குடாவுக்குள் இருக்கிற தீவில் இடிந்து கிடக்கும் மடாலயம். பிறகு மண்ணைக் குவித்துப் பழைய அரசர்களைப் புதைத்த மேடுகள். பிறகு டென்மார்க், ஸ்கொட்லாந்து. மற்றச் சனம் கோடையில் ஸ்பெயின் கடற்கரைக்குப் போகும். நாங்கள் செத்தவர்கள் கிடக்கிற இடம் தேடிப் போவோம். மகள் சின்னவளாக இருந்தவரை எங்களோடு இழுபட்டாள். பதின்மூன்று வயதானதும், "நான் வரேல்லை, எனக்கு உயிரோடை இருக்கிற ஆக்கள் வேணும்" என்று சொல்லிவிட்டு ஒஸ்லோவிலேயே, ரொம்சோசில் தன் சிநேகிதியின் வீட்டில் நின்றுவிட்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை.

என் வேலை, கல்லுக்குப் பக்கத்தில் நிற்பது. "தனிக் கல்லைப் பாத்தா அது ஆனையளவோ ஆட்டுக்குட்டியளவோ எண்டு தெரியாது. பக்கத்திலை ஓராள் நிக்கவேணும்" என்பார். அதற்கென்றே எனக்கு ஒரு சிவப்பு மழைச்சட்டை வாங்கித் தந்தார். சாம்பல் கல்லுக்கு முன்னால் சிவப்பு எடுப்பாக இருக்குமாம். முகத்தைக் காட்டக்கூடாது. எப்போதும் முதுகுதான்.

"முகம் தெரிஞ்சா சனம் முகத்தைப் பாக்கும். கல்லைப் பாக்காது."

எங்கள் ஊர் வழக்கப்படி அவர் ஆட்களுக்கு முன்னால் என்னை மரியாதையாக 'நீர்' என்பார். கமரா கையில் வந்ததும் 'நீ' ஆகிவிடும். நில். தள்ளு. ஆடாதை. தலைமயிரைக் கட்டு. நான் பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு பயத்தோடு படுத்திருக்கிற ஆட்களிடம், கொஞ்சம் ஆடாமல் இருங்கள் என்று பணிவாகக் கேட்கிறவள். அதனாலோ என்னவோ அவருடைய அந்தக் கட்டளைகள் வருடத்துக்கு வருடம் எனக்குள் கசந்துகொண்டே போயின. முதல் இரண்டு மூன்று கோடைகளில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. அவர் இல்லாத நேரத்தில் ஒருநாள் கணினியில் அந்தப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எங்கள் மணவாழ்க்கை முழுவதும் என் முதுகாக வந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு பெருமை இல்லை.

அயர்லாந்துப் பயணத்தை அவர்தான் தீர்மானித்தார். டப்ளினில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்து, நாட்டின் மேற்குக் கரைக்குப் போனோம். காரை நான்தான் ஓட்டவேண்டும். வெளிச்சம் பார்க்கிறவன் வீதி பார்க்க ஏலாதாம். அங்கே வீதியின் இடதுபக்கத்தால் ஓட்டவேண்டும் என்று நான் தயங்கியபோது, "ஊரிலை இடப்பக்கம்தானே, உனக்குப் பழக்கம்தானே" என்றார். ஊரில் நான் ஓட்டியது ஒரு லேடீஸ் சைக்கிள். இரண்டு பக்கமும் கல்மதில், நடுவே ஒரு கார் மட்டும் போகக்கூடிய வீதி, எதிரே வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம். அவர் பக்கத்தில் இருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, "கெதியாப் போ, வெயில் விழுகுது" என்று விரட்டினார்.

அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. குன்றுகள் முழுவதும் வெறும் சுண்ணாம்புக்கல். மரமில்லை. மழை ஆயிரமாயிரம் வருடமாக அரித்து, கல்லு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புகள் ஒரு கால் உள்ளே போகிற அகலம், சில இடங்களில் இடுப்பளவு ஆழம். அதற்குள்ளே சின்னச் சின்ன நீலப் பூக்கள். பூவைப் பார்த்தால் கால் போய்விடும், காலைப் பார்த்தால் காற்று ஆளைத் தள்ளிவிடும்.

"இது எங்கடை ஊரிலை கிணறு வெட்டேக்கை வாற கல்லுத்தானே. இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"உனக்குக் கிணறு மட்டும்தான் தெரியும்," என்றார்.

முதல் நாளே என் இடதுகால் ஒரு வெடிப்புக்குள் போய்ப் புரண்டுவிட்டது. நான் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார், தன்னுடைய கமரா முக்காலி நேராக நிற்கிறதா என்று. அது என்னவோ நேராகத்தான் நின்றது.

அடுத்த நாள் கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம். நாலு சுவரும் ஒரு வளைவும் மட்டும் மிச்சம். உள்ளேயும் வெளியேயும் கல்லறைகள். சில சாய்ந்து, எழுத்து அழிந்து போனவை. சில போன மாதம் வைத்தவை போலப் பளபளப்பானவை. அந்த ஊர்ச் சனம் இன்றைக்கும் அங்கேதான் புதைக்கிறார்கள். வளைவுக்கு நேர் கீழே ஒரு தாயும் இரண்டு பெரிய பிள்ளைகளும் புதுக் கல்லறை ஒன்றின் முன்னால் நின்றார்கள். தாய் குனிந்து வாடின பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தா.

என் கணவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு என் காதருகே வந்து, "போய்ச் சொல்லு. கொஞ்சம் தள்ளச் சொல்லு," என்றார்.

"என்னத்தை?"

"வளைவுக்குள்ளை நிக்கினம். படம் பழுதாப் போகுது."

"அவையின்ரை ஆரோ செத்துப்போச்சினம்."

"நான் என்ன எழும்பிப் போகச் சொல்லியே சொல்லுறன்? ரெண்டடி தள்ளச் சொல்லு."

"ஏலாது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், முக்காலி வாய் திறந்து கதைத்துவிட்டது போன்ற ஆச்சரியம் இருந்தது. பிறகு தானே போய்க் கேட்டார். அந்தப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனா. என்னைக் கடந்து போகும்போது என் முகத்தை நேராகப் பார்த்தா. என்னையும் அவரையும் ஒன்றாகத்தான் நினைத்திருப்பா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வளைவுக்குக் கீழே நின்றேன். அதுதான் நான் கடைசியாக நின்ற படம்.

அவர் உண்மையில் தேடி வந்தது வேறொரு கல்லறையை. இரண்டு செங்குத்துக் கல், மேலே ஒரு பெரிய பலகைக் கல், ஐயாயிரம் வருடப் பழசு என்றார். புத்தகங்களில் வருகிற பிரபலமான ஒன்று வேறு இடத்தில் இருக்கிறது, அங்கே பேருந்தில் வந்து சனம் இறங்கும். இது ஒரு தனியார் காணிக்குள் இருந்தது. படலையில் ஒரு பலகை, உள்ளே வரவேண்டாம் என்று. காரை நிறுத்தியதும் ஒரு பெண் வந்தா. என் வயதுதான் இருக்கும். கட்டையாக வெட்டின நரைமயிர், இறப்பர்ச் சப்பாத்து, பின்னால் ஒரு கறுப்பு வெள்ளை நாய்.

"இல்லை," என்றா. நாங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நிமிடம் போதும் என்று என் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"கன்று போட்ட மாடுகள் நிற்கின்றன. போன கிழமை உன்னைப் போல ஒருவன் பத்து நிமிடம் என்று வந்து படலையைத் திறந்து விட்டுப் போனான். ஒரு கன்று கல்வெடிப்புக்குள் காலை முறித்துக்கொண்டது. அதைச் சுடவேண்டி வந்தது."

"அதுக்கு நான் என்ன செய்ய? அந்தக் கல்லறையைக் கட்டியது உன் பாட்டன் இல்லை. அது உலகத்துச் சொத்து."

"இருக்கட்டும். புல்லு என்னுடையது," என்றா அவ.

காருக்குள் ஏறியதும் அவர் அவவைத் தமிழில் ஏசினார். வீதி வளைவு தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். அங்கே மதில் கொஞ்சம் உயரம் குறைந்து பதிவாக இருந்தது. சாந்து இல்லாமல் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கிய மதில். "இதாலை ஏறிப் போகலாம், வா," என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் ஏற்கனவே ஏறிவிட்டார். மறுபக்கம் காலை வைத்ததும் மதில் சரிந்தது. ஒரு கார் நுழையக்கூடிய அகலத்துக்குக் கல்லெல்லாம் உருண்டு விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கமராப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கல்லறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

சத்தத்துக்கு நாய் வந்தது. நாய்க்குப் பின்னால் அந்தப் பெண் வந்தா. சரிந்த மதிலைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு, மாடுகள் நிற்கிற பக்கத்தைப் பார்த்தா. பிறகு அவரைக் கூப்பிட்டு, "வந்து இதை அடுக்கு," என்று கத்தினா.

அவர் தூரத்தில் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தார். மேகம் பிளந்து அந்தப் பலகைக் கல்லில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. அழகான வெளிச்சம்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கிருந்தபடியே எனக்குத் தமிழில் கத்தினார்: "நீ அதுகளை எடுத்து வை! கொஞ்சத்தை அடுக்கிப்போட்டு ஓடிவா! வெயில் போகப் போகுது!"

நான் குனிந்து ஒரு கல்லைத் தூக்கினேன். ஈரக் கல், கூர், நல்ல பாரம். புரண்ட கால் நொந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"நீயா தள்ளினாய்?" என்று கேட்டா.

"இல்லை."

"அப்ப ஏன் நீ எடுக்கிறாய்?"

அதில் இரக்கம் ஒன்றும் இருக்கவில்லை. என்மேலும் அவவுக்கு எரிச்சல்தான். மடச்சியைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தா. கல்லோடு நின்றேன். அங்கிருந்து அவர் மறுபடியும் கத்தினார்.

"விடு அதை! வந்து வலப்பக்கக் கல்லோடை நில்! முதுகைக் காட்டிக்கொண்டு நில்!"

நான் கல்லைக் கீழே போட்டேன். முதுகைக் காட்டினேன். காரைப் பார்த்து நடந்தேன்.

"ஏய்! அவரை இங்கே விட்டுவிட்டா போகிறாய்?" என்று அந்தப் பெண் கேட்டா.

"ஓம்," என்றேன். தமிழில் சொன்னது பிறகுதான் உறைத்தது. ஆனாலும் அவவுக்கு விளங்கியது.

"எனக்கும் அவர் வேண்டாம்," என்றா.

காரை எடுக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் தூக்கியபடி ஓடி வந்துகொண்டிருந்தார். வெடிப்புகளுக்குப் பயந்து ஓடுவதால் கொக்குப் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். நாய் அவரைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. நான் நிறுத்தவில்லை.

கடலோரத்து ஊர் ஒன்றில் சின்னக் கடை. உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, வினாகிரி ஊற்றி, முழுவதையும் தனியாகச் சாப்பிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்த பிறகு மகளுக்கு எடுத்தேன். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"அப்பாவை விட்டிட்டு வந்திட்டன்," என்றேன்.

"எங்கை?"

"ஒரு கல்லறையடியிலை."

அவள் வெடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என்னை இவ்வளவு காலமும் கேலியாகப் பார்த்திருக்கிறாள் என்று பட்டது. "சிரிக்காதை," என்று வைத்துவிட்டேன். பிறகு பயம் வந்தது. நாய் கடித்திருந்தால்? வெடிப்புக்குள் விழுந்து கால் முறிந்திருந்தால்? திரும்பிப் போகவேண்டும் என்று எழும்பினேன். கதவு வரை போய், திரும்பி வந்து ஒரு தேநீர் கேட்டேன்.

பின்னேரம், நாங்கள் தங்கியிருந்த வீட்டில் நான் இன்னொரு தேநீரோடு இருந்தபோது, அவர் ஒரு மாட்டு வைத்தியரின் வான் வண்டியில் வந்து இறங்கினார். சாணி மணம். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார். அவர் என் பின்னால் ஓடி வந்த நேரத்தில் அந்தப் பெண் முக்காலியையும் கமராவையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் உழவு இயந்திரத்தில் வைத்துப் பூட்டிவிட்டாவாம். மதில் எழும்பினால்தான் தருவேன் என்றாவாம். இவர் அடுக்கியதை அவ காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாவாம். ஆடினால் திரும்பவும் பிரித்து முதலிலிருந்து அடுக்கவேண்டுமாம். மழையும் வந்துவிட்டது. ஒரு படமும் எடுக்கவில்லை.

"நாய் கடிச்சிருந்தா என்ன செய்திருப்பாய்?"

"கடிச்சதோ?"

"இல்லை."

"அப்ப என்ன?"

"புருசனை ஒரு வெள்ளைக்காரியிட்டை விட்டிட்டு வந்து இஞ்சை இருந்து தேத்தண்ணி குடிக்கிறாய். உனக்கு வெக்கமில்லையே?"

"நீங்கள் தள்ளின கல்லை என்னை அடுக்கச் சொன்னனீங்கள். நீங்களே அடுக்குங்கோ எண்டு விட்டிட்டு வந்தனான். அவ்வளவுதான்."

சுவர் மெல்லியது என்பதால் இவ்வளவையும் இருவரும் பல்லுக்குள்ளேயே சொன்னோம். மிச்ச நாட்களில் நான் காரை ஓட்டினேன், ஆனால் காரை விட்டு இறங்கவில்லை. அவர் கல்லுக்குப் பக்கத்தில் தன் கமராப் பையை வைத்துப் படம் எடுத்தார். திரும்பி வருகிற விமானத்தில் தள்ளித் தள்ளி இருந்தோம்.

இலையுதிர் காலத்தில் எங்கள் பக்கத்து நூலகம் ஒன்று அவருடைய படங்களை வைத்தது. அயர்லாந்துப் படங்கள் போதாமல் பழையவற்றையும் சேர்த்திருந்தார். சுவர் முழுக்க நான். ஒவ்வொன்றின் கீழும் இடம், கல்லறையின் வயது எல்லாம் நோர்வேஜிய மொழியில். கடைசி வரி: உருவம் அளவுக்காக. நடுவில் பெரிதாக, அந்தக் கூரையில்லாத தேவாலயம். வளைவுக்குக் கீழே சிவப்புச் சட்டை. அந்தத் தாயைக் கலைத்துவிட்டு எடுத்த படம்.

அதை மட்டுமாவது கழற்றுங்கள் என்று வீட்டில் கேட்டேன். அதுதான் நல்ல படம் என்றார். நூலகத்தில் போய்க் கேட்டேன். பொறுப்பாயிருந்த இளம்பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள். படத்தில் இருக்கிறவர் இன்னார் என்று தெரிந்தால்தான் அவருடைய சம்மதம் கேட்கவேண்டுமாம்.

"இதில் முகமே தெரியவில்லையே. இது யார் என்று எவராலும் சொல்லமுடியாது."

"நான் சொல்லுகிறேன், அது நான்தான்."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். நம்பவில்லை. படங்கள் கடைசி நாள்வரை தொங்கின.

பிரிவுக்கு நான் விண்ணப்பித்தேன். அவர் நம்பவில்லை. "ஒரு படத்துக்காகவோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். லோறென்ஸ்கூக்கில் இருக்கிற அவருடைய தங்கை எனக்குப் போன் எடுத்தா.

"கட்டினவனை அந்நிய நாட்டிலை நடுக்காட்டிலை விட்டிட்டு வந்தனீராம்?"

"காடில்லை மச்சாள். அங்கை ஒரு மரம்கூட இல்லை," என்றேன். போனை வைத்துவிட்டா. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் என்னோடு கதைப்பதில்லை. கோயிலில் கண்டால் அம்மனையே வடிவாகப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான்.

அவர் ஹவுகன்ஸ்டுவாவில் வீடு எடுத்தார். சாமான்களை ஏற்றி இறக்க மகள்தான் என்னைக் கேட்டாள். பிள்ளை கேட்டாளே என்று காரோடு போனேன். சட்டகம் போட்ட படங்கள், பெட்டிகள், எல்லாம் ஏற்றினோம். பின் இருக்கையைச் சாய்த்து அவர் நீளமான ஒரு தடியை உள்ளே செருகினார். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய, நில அளவைக்காரர் நட்டு வைக்கிற கோல். புதிது, பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றவில்லை.

"இது என்னத்துக்கு?" என்று மகள் கேட்டாள்.

"அளவுக்கு," என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "இனி ஆள் தேவையில்லை. இது ஆடாது. ஏலாது எண்டு சொல்லாது."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருடத்துக்கு முன்பே இதை வாங்கியிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

லிப்டுக்குள் அந்தக் கோல் நேராக நிற்கவில்லை. சரித்துத்தான் கொண்டுபோகவேண்டியிருந்தது. அவர் ஒரு நுனியைப் பிடித்தார். மறுநுனி என் தோளுக்கு மேலே சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அவருடைய மாடி வந்ததும் அவர் அதைக் கவனமாக இழுத்து எடுத்துக்கொண்டு இறங்கினார். "கதவைப் பிடிச்சுக்கொள்ளும், பெட்டியளை எடுக்கவேணும்," என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் பெட்டியும் போனதும் விட்டேன்.